குறையை எழுதி வைப்போம்

தறியில் ஓர் இழை அறுவது குற்றமன்று. அறுந்ததைக் கண்டவுடன் தறியை நிறுத்தி, இழையைப் புணைத்து, மேலே நெய்வதே நெசவாளியின் தொழில் ஒழுக்கம். அறுந்ததைக் கண்டும் காணாதவர்போல் நெய்துகொண்டே சென்று, அந்த இடத்தை மடிப்பின் உட்புறத்தில் மறைத்துச் சங்கத்தில் ஒப்படைப்பதே குற்றம். விவசாயிக்கும் இந்த வேறுபாடு நன்கு தெரியும். அவர் வாங்கும் மக்காச்சோள விதை மூட்டையில் ஒரு சீட்டுத் தைக்கப்பட்டிருக்கிறது. முளைப்புத்திறன் இத்தனை விழுக்காடு, இன்ன தேதிவரை விதைக்கலாம் என்று அதில் கண்டிருக்கும். 1966ஆம் ஆண்டின் விதைச் சட்டம் அச்சீட்டை வற்புறுத்துகிறது. நூற்றுக்கு நூறு முளைக்கும் என்று எந்த நல்ல விதைச் சீட்டும் சொல்வதில்லை. முளைக்காத பங்கை முன்கூட்டியே ஒப்புக்கொள்வதனாலேயே அச்சீட்டு நம் நம்பிக்கைக்கு உரியதாகிறது.

ஆனால் அண்மைக் காலத்தில் நம் சங்கக் கட்டடத்துக்குள்ளும், கிணற்றடிக்கும், தறிக்கூடத்துக்கும் வந்து சேர்ந்துள்ள ஒரு பொருளிடம் மட்டும் நாம் இந்தச் சீட்டைக் கேட்பதில்லை. அதுவே சிறு கணினிப் பலகை. அதனிடம் குறை கேட்காமல் இருந்ததனால் நேர்ந்த ஒரு தவற்றை, அதுவும் நம்முடைய சொந்தத் தவற்றை, அங்கத்தினர்கள் முன் வைப்பதற்காகவே இக்கட்டுரையை எழுதுகிறோம்.

பலகையும் அதன் இரு வகைக் குறைகளும்

கணினி என்றவுடன் மேசைமேல் திரையும் விசைப்பலகையுமாக அமர்ந்திருப்பதே நம் நினைவுக்கு வரும். நாம் குறிப்பிடுவது அதுவன்று. உள்ளங்கையிலும் சிறிய ஒரு பச்சைப் பலகை, அதன்மேல் கறுத்த சில்லுகள் சில, அவ்வளவே. 2017 ஏப்ரலில் ஸ்மார்ட் குடும்ப அட்டை வழங்கத் தொடங்கியதிலிருந்து நியாயவிலைக் கடைகளில் நாம் காணும் பில் போடும் கருவிக்குள் இருப்பதும் இத்தகைய கணினியே. மின்னணுத் தராசிலும், பால் கொள்முதல் நிலையத்துச் சோதனைக் கருவியிலும், சொட்டுநீர்ப் பாசனத்தைத் திறந்து மூடும் பெட்டியிலும் இவ்வினத்தைச் சேர்ந்த சில்லுகளே வேலை செய்கின்றன. பச்சைமலை அடிவாரத்துக் கிணற்று மோட்டாரைப் பூலாம்பாடியிலுள்ள தம் வீட்டுத் திண்ணையில் இருந்தபடியே செல்போனால் ஓட விடுகிறார் ஒரு விவசாயி. அந்த மொபைல் ஸ்டார்ட்டருக்குள்ளும் இதுவே. ஜயங்கொண்டம் பக்கத்துப் பட்டுத் தறிகளைப் போன்றவற்றில் துளையிட்ட அட்டைகளுக்குப் பதிலாக மின்னணு ஜக்கார்டு பொருத்தப்படுமாயின், எந்த இழை எழும்ப வேண்டும், எது படிய வேண்டும் என்று கட்டளையிடுவதும் இதுவே.

இப்பலகைக்கு உண்டாகும் குறைகள் இரு வகைப்படும். முதலாவது, பலகையின் உடம்பிலேயே உள்ள குறை. சில்லை வடித்த விதத்திலோ, ஒரு மின்தடையை விட்டுவிட்டதிலோ பிறப்பது. பலகை எங்கே போனாலும் உடன் போவது. இரண்டாவது, பலகைக்குள் நிலையாகப் பதித்து வைத்திருக்கும் கட்டளைத் தொகுதியில் உள்ள குறை. இத்தொகுதியை நிலைப்பொருள் என்பர். முன்னது தறிமரத்தின் கோணல் போன்றது. பின்னது அட்டையில் தவறாக இட்ட துளை போன்றது. கோணலுக்கு முட்டுக் கொடுத்துச் சமாளிக்கலாம். துளைக்கு அட்டையை மாற்றலாம். ஆனால் இரண்டுக்கும் முதலில் குறை இன்னதென்று தெரிந்தாக வேண்டும்.

நாம் செய்த தவறு

நம் ஆய்வுக்கு உட்பட்ட ஒரு சங்கத்தில் கடன் தவணை வசூலுக்கு ரசீது அச்சிட ஒரு சிறு பெட்டியை வாங்கியிருந்தார்கள். எந்தச் சங்கம், எவர் விற்ற பெட்டி என்பன இங்கே வேண்டியதில்லை. வசூல் செய்பவர் ஓர் எழுத்தர்; பெண்மணி; பல ஆண்டுகள் பணியிலிருப்பவர். ஒரு பொங்கலை ஒட்டிய வாரத்தின் வசூலை நாம் பரிசீலித்தபோது, ரசீதின் தேதிக்கும் அத்தொகை வங்கியில் செலுத்தப்பட்ட தேதிக்கும் இடையே ஐந்து நாட்கள் இடைவெளி இருக்கக் கண்டோம். ஒன்றிரண்டு ரசீதுகள் அல்ல. மூன்று நாள் வசூல் முழுதும் அப்படியே இருந்தது. சங்கப் பணத்தைக் கையில் வைத்திருந்து பின்னர் கட்டினால் அதற்குத் தணிக்கை மொழியில் தற்காலிகக் கையாடல் என்று பெயர். நாம் அவ்வாறே எழுதினோம்.

அப்பெண்மணி மறுத்தார். தாம் அன்றன்று வாங்கியதை அன்றன்றே கட்டியதாகவும், கையால் எழுதிய நாட்குறிப்பேட்டில் சரியான தேதி இருப்பதாகவும் சொன்னார். கையால் எழுதியதைப் பின்னர் திருத்தியிருக்கலாம், இயந்திரம் பொய் சொல்லாது என்பதே அன்று நம் எண்ணம். பட்டம் பெற்றுத் துறைக்கு வந்தவர்கள் நாம். கணினி அச்சிட்ட தாளுக்குக் கையெழுத்தைவிட மதிப்பு மிகுதி என்று பழகிவிட்டோம். அவர் ரொக்கப் பொறுப்பிலிருந்து நீக்கப்பட்டார். 1983ஆம் ஆண்டுக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தின் 87ஆம் பிரிவின்படி தண்டத்தீர்வை நடவடிக்கை வருமோ என்ற அச்சத்தில் அவர் குடும்பம் ஏழு மாதங்கள் இருந்தது.

உண்மையை வெளிக்கொணர்ந்தவர் ஒரு வயதான அங்கத்தினர். அவர் தம்முடைய ரசீதை எடுத்து வந்து நம் மேசைமேல் வைத்துக் கேட்டார்: "ஏங்க சார், பொங்கலன்னைக்கி விடியக்காலம் நாலரை மணிக்கு எவனாச்சும் கடன் கட்ட வருவானா? அன்னைக்கி நான் வாசல்ல பானை வச்சிக்கிட்டில்ல இருந்தேன்!"

நாம் ரசீதை வாங்கிப் பார்த்தோம். தேதி பொங்கல் தேதி. நேரம் அதிகாலை 4.32. அன்று சங்கம் பூட்டியிருந்தது. மற்ற ரசீதுகளையும் தேடி எடுத்தோம். சில போகியன்று இரவு எட்டு மணிக்கும் ஒன்பது மணிக்கும் அச்சானவையாகக் காட்டின. சங்கத்தை மாலை ஆறரைக்கே பூட்டிவிடுவது ஊருக்கே தெரியும். நாம் ஆய்வு செய்தது தேதி மட்டும் கண்ட பட்டியலை வைத்து. நேரம் கண்ட ரசீதைப் புரட்டிப் பார்க்கவில்லை. அத்தவறு இயந்திரத்தினுடையதன்று, நம்முடையதே.

பிறகு பாலிடெக்னிக்கில் பயின்ற இளைஞர் ஒருவரை வைத்துப் பெட்டியைச் சோதித்தோம். இணையக் கம்பியைப் பிடுங்கிவிட்டுப் பெட்டியை நிறுத்தினார். ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் ஓட விட்டார். பெட்டியின் கடிகாரம் சரியாக ஒரு மணி நேரம் பின்தங்கி நின்றது. இவ்வகைச் சிறு பலகைகள் பலவற்றில் கடிகாரத்துக்கென்று தனிப் பேட்டரி கிடையாது. நிறுத்தும்போது கடைசி நேரத்தை எழுதி வைத்துக்கொண்டு, மீண்டும் எழும்போது அங்கிருந்தே எண்ணத் தொடங்கும். இணையம் கிடைத்தபின் சரியான நேரத்தைக் கேட்டுத் திருத்திக்கொள்ளும். போகி மாலை நிறுத்திய பெட்டி ஐந்து நாள் கழித்து எழுந்தது. அந்த மூன்று நாட்களும் ஊரில் இணையம் அறுந்து கிடந்தது. பெட்டியின் கணக்கில் பொங்கல் இன்னும் கழியவே இல்லை. பெட்டியின் பக்கத்தில் பூட்டிய கதவுக்குள் கழிந்த நாட்களை யார் அதற்குச் சொல்வது?

நாணயம் போன்ற ஒரு சிறு பேட்டரியும் ஒரு கடிகாரச் சில்லும் வைத்திருந்தால் இது நேர்ந்திராது. செலவு சில நூறு ரூபாய். அப்பலகையில் கடிகாரப் பேட்டரி இல்லை என்பதைப் பலகையைச் செய்தவர்கள் மறைக்கவும் இல்லை. தம் விவரக் குறிப்பில் எழுதியே இருந்தார்கள். பெட்டியாக்கி விற்றவர் சொல்லவில்லை. வாங்கிய சங்கம் கேட்கவில்லை. ஆய்வு செய்த நாம் எண்ணிப் பார்க்கவில்லை. நம் குறிப்பை நாமே திரும்பப் பெற்றுக்கொண்டோம். நிவர்த்தி அறிக்கை ஒரே பக்கத்தில் முடிந்தது. ஆனால் ஏழு மாதங்கள் தெருவில் பேசிய பேச்சை எந்த அறிக்கையால் திரும்பப் பெற முடியும்?

செய்தவர்கள் எழுதி வைக்கிறார்கள்

இதன்பின் இத்தகைய பலகைகளைப் பற்றிக் கிடைத்தவற்றை எல்லாம் தேடிப் படித்தோம். நமக்கு வியப்பூட்டிய செய்தி ஒன்றுண்டு. பெயர் பெற்ற பலகைகளில்கூடக் குறைகள் உள்ளன. அவை அச்சிட்ட பட்டியலாகவும் வெளியாகியுள்ளன. இதற்குப் பிழைப்பட்டியல் என்று பெயர். ஒவ்வொரு பிழைக்கும் ஓர் எண், அது தோன்றும் சூழ்நிலை, அதைச் சமாளிக்கும் வழி, எந்தத் திருத்தப் பதிப்பில் அது நீக்கப்பட்டது என்பவை அதில் வரிசையாக இருக்கும். தணிக்கைக் குறைபாட்டுப் பட்டியலையும் நிவர்த்தி அறிக்கையையும் ஒரே தாளில் கண்டதுபோல் இருந்தது நமக்கு.

இங்கிலாந்தில் உருவான ராஸ்பெர்ரி பை என்னும் பலகையை எடுத்துக்கொள்வோம். அதன் இரண்டாம் வகை 2015 பிப்ரவரியில் வெளிவந்தது. சில நாட்களுக்குள் ஒருவர் அதைப் புகைப்படம் எடுத்தார். கேமராவின் மின்னல் விளக்கு பளிச்சிட்டவுடன் பலகை அணைந்து போயிற்று. மீண்டும் எடுத்தார், மீண்டும் அணைந்தது. மின்சாரத்தைச் சீர்ப்படுத்தும் ஒரு சில்லு மேலுறையின்றி வெறுமையாகப் பதிக்கப்பட்டிருந்தது. வலிய ஒளி பட்டவுடன் சிலிக்கானில் மின் ஓட்டம் கிளம்பி அதை நிலைகுலையச் செய்தது. செய்தவர்கள் மறுக்கவில்லை. இன்ன சில்லுதான், ஒளி புகாத பொருளால் அதை மூடிவிடுங்கள் என்று அறிவித்தார்கள். ஒரு துண்டு ஒட்டுப்பசையில் தீர்ந்தது வழக்கு.

அதே நிறுவனத்தின் நான்காம் வகை 2019 ஜூனில் வந்தது. அதில் மின்சாரம் ஏற்றும் முனையில், இரு கம்பித்தடங்களுக்குத் தனித்தனியே வைத்திருக்க வேண்டிய மின்தடைகளுக்குப் பதிலாக ஒன்றையே பொதுவாக வைத்துவிட்டார்கள். அதனால் சில விலையுயர்ந்த கம்பிகள் அப்பலகையை வேறொரு கருவி என்று எண்ணி மின்சாரம் கொடுக்க மறுத்தன. மலிவான கம்பி வேலை செய்தது. உயர்ந்த கம்பி செய்யவில்லை! அடுத்த மாதமே நிறுவனர் எபன் அப்டன் குறையை ஒப்புக்கொண்டார். பின்னர் வந்த திருத்தப் பதிப்பில் அது சரி செய்யப்பட்டது. பதிப்பு எண்ணைப் பாராமல் பழையதையும் புதியதையும் கலந்து வாங்கிய சங்கம் ஒன்று இருந்தால், ஒரு பெட்டி ஓடவும் மற்றொன்று ஓடாமலும் இருப்பதன் காரணம் அதற்கு விளங்கவே விளங்காது.

விவசாயிகள் குறிப்பாகக் கவனிக்க வேண்டியது ஆர்.பி. 2350 என்னும் சில்லின் வரலாறு. 2024 ஆகஸ்டில் வெளிவந்த இச்சில்லின் பட்டியலில் ஒன்பதாம் பிழை புகழ் பெற்றது. சில்லின் ஒரு முனைக்கு மின் அழுத்தம் கொடுத்துப் பின் நீக்கினால், அது சுழிக்கு இறங்காமல் ஏறக்குறைய 2.2 வோல்ட்டில் தொங்கிக்கொண்டு நிற்கக்கூடும். அதாவது, அழுத்திய பொத்தானைக் கையெடுத்த பின்னும் சில்லு இன்னும் அழுத்தியிருப்பதாகவே கருதும். கிணற்றில் நீர்மட்டம் பார்க்கும் பெட்டியில் இது நேர்ந்தால், நீர் வற்றிய பிறகும் நீர் இருப்பதாக எண்ணி மோட்டார் வெறுமே ஓடலாம்; சுருள் கருகலாம். வெளியே 8.2 கிலோ ஓம் அல்லது அதற்குக் குறைந்த ஒரு மின்தடையைச் சேர்த்தால் தீரும் என்று செய்தவர்களே எழுதினார்கள். 2025 ஜூலையில் அறிவித்த திருத்தப் பதிப்பில் பிழை நீக்கப்பட்டது. மின்தடையின் விலை ஒரு ரூபாயைத் தாண்டாது. மோட்டாருக்குச் சுருள் மீண்டும் சுற்றும் செலவு விவசாயிக்குத் தெரியும்.

அதற்கு மூத்த ஆர்.பி. 2040 என்னும் சில்லு 2021இல் வந்தது. மின் அழுத்தத்தை எண்ணாக மாற்றும் அதன் அளவுகோலில் 4,096 படிகள் உண்டு. அவற்றுள் 512, 1536, 2560, 3584 ஆகிய நான்கு இடங்களில் படி ஒழுங்காக இல்லை. மற்றப் படிகளைவிட மிக அகன்றுள்ளது. மண்ணின் ஈரத்தை அளக்க இச்சில்லை மட்டும் நம்புவோர்க்கு அந்த நான்கு இடங்களில் அளவு தடுமாறும். இதுவும் பட்டியலில் உள்ளதே. படிக்கட்டில் எந்தப் படி உயரம் என்று தெரிந்தவன் இடறுவதில்லை; தெரியாதவனே விழுகிறான்.

கட்டளைத் தொகுதியிலுள்ள குறைக்கு ஓர் எடுத்துக்காட்டு. ஆர்டுயினோ என்னும் பலகைகளில், ஓடத் தொடங்கிய நேரத்திலிருந்து மில்லி விநாடிகளை எண்ணிவரும் ஒரு கணக்கு உண்டு. அக்கணக்கு ஏறத்தாழ 429 கோடியைத் தொட்டதும் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கும். நாள் கணக்கில் அது 49 நாள் 17 மணி நேரம். இதை அறிந்து கட்டளை எழுதியவரின் பெட்டிக்கு ஒன்றும் நேராது. அறியாமல் எழுதியவரின் பெட்டி ஐம்பதாம் நாள் தண்ணீர் விடுவதை மறக்கலாம். அல்லது நிறுத்துவதை மறக்கலாம். இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அடிக்கடி மின்சாரம் போகும் ஊரில் எண்ணிக்கை அடிக்கடி புதிதாகத் தொடங்குவதால் இக்குறை வெளிப்படுவதே இல்லை. மின்சாரம் ஒழுங்காக வரத் தொடங்கிய பிறகுதான் நோய் தலைகாட்டும்! மறுபுறம், எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் மெமரி கார்டிலுள்ள கணக்கே கெட்டுப்போவதும் இவ்வகைப் பலகைகளில் யாவரும் அறிந்த குறையாகும். ஆகவே மின்சாரம் போனாலும் கேடு, போகாவிட்டாலும் கேடு என்று நகைப்பதைவிட, பெட்டிக்கு ஒரு சிறு பேட்டரியும் சரியான கட்டளைத் தொகுதியும் உண்டா என்று கேட்டு வாங்குவதே அறிவுடைமை.

மறைத்ததால் வந்த கேடு

எழுதி வைத்தவர்களின் கதை இவ்வாறிருக்க, எழுதியும் மறைத்தவர்களின் கதையையும் அங்கத்தினர்கள் அறிதல் வேண்டும். இங்கிலாந்து அஞ்சல் நிறுவனம் 1999இல் ஹொரைசான் என்னும் கணக்கு முறையைத் தன் கிளைகளில் புகுத்தியது. அது சிறு பலகையன்று. பெரியதொரு கணினி நிரல். எனினும் படிப்பினை ஒன்றே. கணினி குறைவு காட்டிய இடங்களில் கிளை நடத்தியவர்கள் பணத்தை எடுத்துவிட்டதாகக் குற்றம் சாட்டப்பட்டனர். 2015 வரை தொள்ளாயிரத்துக்கும் மேற்பட்டோர் தண்டிக்கப்பட்டனர். பலர் வீட்டை விற்று, தாம் எடுக்காத பணத்தைக் கட்டினர். சிலர் சிறை சென்றனர். அவர்களுள் நம் நாட்டு வம்சாவளியினரும் இருந்தனர்.

கணினி முறையைப் பராமரித்த பூஜிட்சு நிறுவனத்தில் ‘அறியப்பட்ட பிழைகளின் பதிவேடு’ என்றே ஒன்று இருந்தது. பிழை உண்டு என்று உள்ளே எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் குற்றம் சாட்டப்பட்டவர்கள் கைக்கு அது எட்டவில்லை. கிளை நடத்தியவர்கள் ஒன்றுகூடி வழக்காடிய பின்னரே அப்பதிவேடு வெளிச்சத்துக்கு வந்தது. பிழைகள் இருந்தன என்று 2019 டிசம்பரில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2024 மே மாதத்தில் பாராளுமன்றமே ஒரு சட்டம் இயற்றித் தண்டனைகளைத் துடைத்தது. குறைந்தது 13 பேர் இத்துயரால் தம் உயிரை மாய்த்துக்கொண்டிருக்கக்கூடும் என்று 2025 ஜூலையில் வெளியான விசாரணை அறிக்கை கூறிற்று. தனித்தனியே ஒவ்வொருவரிடமும், ‘உமக்கு மட்டுமே இப்படி நேர்கிறது’ என்று சொல்லப்பட்டதாக அவர்களுள் பலர் சாட்சியம் அளித்தனர். கூட்டுறவாளர்கள் இந்த ஒரு வாக்கியத்தை நினைவில் வைத்தால் போதும். குறையைத் தனித்தனியே வைத்திருக்கும் வரை அது பலவீனனின் குற்றமாகிறது. ஒன்றாகச் சேர்த்து எழுதினால்தான் இயந்திரத்தின் குறையாகிறது.

நம் நாட்டுச் சட்டம் இதில் ஓரளவு எச்சரிக்கையாகவே உள்ளது. 2024 ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்த பாரதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவும், அதற்கு முன்பிருந்த சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவும், கணினிப் பதிவைச் சான்றாகக் கொள்வதற்கு அக்கணினி அக்காலத்தில் முறையாக இயங்கியது என்பது சான்றளிக்கப்பட வேண்டும் என்கின்றன. நீதிமன்றத்தில் வேண்டும் என்று சட்டம் கருதுவதைச் சங்க மேசையில் வேண்டாம் என்று நாம் கருதலாமா? அந்தப் பெண்மணியின் வழக்கில் நாம் கருதியதன் பயனைக் கண்டோம்.

செய்ய வேண்டியவை

2022 ஜூனில் மத்திய அமைச்சரவை, 63,000 தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுச் சங்கங்களை 2,516 கோடி ரூபாய்ச் செலவில் கணினிமயமாக்க ஒப்புதல் அளித்தது. கணினி வருவதை நாம் எதிர்க்கவில்லை, வரவேற்கிறோம். கைக்கணக்கில் பிழையே இருந்ததில்லை என்று எந்த ஆய்வாளரும் சொல்ல மாட்டார். ஆனால் 1912ஆம் ஆண்டுச் சட்டம் தொட்டே ஒவ்வொரு சங்கத்தின் கணக்கையும் ஆண்டுக்கு ஒருமுறையேனும் தணிக்கை செய்யும் வழக்கம் நம்மிடம் உண்டு. மனிதனின் கணக்குக்குத் தணிக்கை, இயந்திரத்தின் கணக்குக்குத் தலைவணக்கம் என்பது முறையாகாது.

ஆதலின் நான்கு காரியங்களை நிர்வாகக் குழுக்களின் யோசனைக்கு வைக்கிறோம். முதலாவது, எந்தக் கருவி வாங்கினாலும் விலைப்புள்ளி கேட்கும்போதே உள்ளிருக்கும் பலகையின் பெயர், பதிப்பு எண், கட்டளைத் தொகுதியின் எண், அறியப்பட்ட குறைகளின் பட்டியல் ஆகியவற்றை எழுத்தில் கேட்க வேண்டும். ‘எங்கள் பொருளில் குறையே இல்லை’ என்பவரைவிட, ‘இன்ன குறை உண்டு, இப்படிச் சமாளிக்கலாம்’ என்பவரே நம்பத்தக்கவர்.

இரண்டாவது, இருப்புப் பதிவேட்டுக்குப் பக்கத்தில் குறைப் பதிவேடு ஒன்று இருக்கட்டும். என்று, எத்தனை மணிக்கு, எந்தக் கருவி, என்ன செய்தது, அப்போது மின்சாரம் இருந்ததா, இணையம் இருந்ததா என்று ஆறு பத்திகள் போதும். நாற்பது பக்க நோட்டு ஒன்றே இதற்கு ஆகும் செலவு.

மூன்றாவது, கருவியின் அச்சிட்ட தாளை மட்டும் ஆதாரமாகக் கொண்டு எந்த ஊழியர்மீதும், எந்த அங்கத்தினர்மீதும் குற்றம் எழுதக்கூடாது. முதலில் கருவியைச் சோதிக்க வேண்டும். நிறுத்தி ஓட விட்டுப் பார்க்க வேண்டும். தறிக்கும் இது பொருந்தும். பழைய அட்டையில் தவறான துளை இருந்தால் நெசவாளி கண்ணால் பார்த்துச் சொல்வார். மின்னணுப் பெட்டிக்குள் இருக்கும் துளை யார் கண்ணுக்கும் தெரியாது. சேலையில் பூவேலை பிசகியிருந்தால், கூலியைப் பிடித்தம் செய்வதற்கு முன், அதே பிசகு அதே இடத்தில் திரும்பத் திரும்ப வருகிறதா என்று பார்க்கட்டும். கை தவறினால் இடம் மாறும். பெட்டி தவறினால் இடம் மாறாது.

நான்காவதே கூட்டுறவின் சாரம். ஒரு சங்கம் கண்ட குறை அடுத்த சங்கத்துக்குத் தெரிய வேண்டும். மாதந்தோறும் குறைப் பதிவேட்டின் நகல் ஒன்று மேலமைப்புக்குச் செல்லட்டும். இத்திங்களிதழில் ஒரு பக்கம் அதற்கென்று ஒதுக்கப்படட்டும். நம் சங்கத்துப் பெட்டியின் கடிகாரக் குறையை எவரேனும் முன்னரே இவ்விதழில் எழுதியிருந்தால், நாம் அதைப் படித்திருந்தால், ஒரு குடும்பத்தின் ஏழு மாதத் தூக்கம் காப்பாற்றப்பட்டிருக்கும்.

இதெல்லாம் படித்த பொறியாளர்களுக்கன்றோ, செயலாளருக்கு இது விளங்குமா என்று கேட்பவர் உண்டு. ரசீதின் நேரத்தைப் படித்துக் குறையைக் கண்டவர் பொறியாளர் அல்லர். சின்ன வெங்காயமும் பருத்தியும் பயிரிடும் ஒரு முதியவர். குறைகளை வெளியில் சொன்னால் அங்கத்தினர்களின் நம்பிக்கை போய்விடும் என்பவரும் உண்டு. விதைச் சீட்டைப் படித்த எந்த விவசாயியும் விதைப்பதை நிறுத்தியதில்லை.

நம் மாநிலத்திலேயே இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உருவாகி வருகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் காமகோடியின் தலைமையில் சக்தி என்னும் செயலியை வடிவமைத்தார்கள். 2018இல் அதன் ஒரு சில்லு சண்டீகரை அடுத்த மொகாலியிலுள்ள நம் நாட்டு ஆலையிலேயே வார்க்கப்பட்டது. 2025 பிப்ரவரியில் விண்வெளித் துறைக்கென இஸ்ரோவுடன் சேர்ந்து உருவாக்கிய சில்லு அறிவிக்கப்பட்டது. சக்தியின் வடிவமைப்பு பூட்டி வைக்கப்படவில்லை; யாரும் எடுத்துப் படிக்கலாம், குறை காணலாம், சொல்லலாம். நம் சங்கக் கருவிகள் ஒருநாள் இத்தகைய சில்லுகளால் இயங்கட்டும் என்று விரும்புகிறோம். அதிலும் குறை இருக்கும். ஆனால் பலர் பார்க்கும் முற்றத்தில் கிடக்கும் குறை, பூட்டிய அறையில் கிடக்கும் குறையைவிட விரைவில் தீரும்.

அந்த எழுத்தர் இன்று மீண்டும் ரொக்க மேசையில் அமர்ந்திருக்கிறார். பெட்டிக்குக் கடிகாரப் பேட்டரி வைத்தாயிற்று. அவர் மேசையின் இழுப்பறையில் நாற்பது பக்க நோட்டு ஒன்று இருக்கிறது. சென்ற முறை நாம் ஆய்வுக்குச் சென்றபோது அதை எடுத்து நம்மிடம் நீட்டினார். முதல் பக்கத்தின் முதல் வரியில், அப்பொங்கல் வாரத்துக் குறையைத் தம் கையால், தேதியுடன் எழுதியிருந்தார். அதன் கீழே நாம் கையொப்பம் இட்டோம். நாம் இட்ட கையொப்பங்களுள் நமக்கு நிறைவு தந்தது அதுவே. ஒவ்வொரு சங்கத்திலும் அத்தகைய நோட்டு ஒன்று தொடங்கப்படுமாக.

பூலாம்பாடி
— ஒரு கூட்டுறவு ஆய்வாளர்